பிள்ளைகளின் கைகளுக்கும் கல்வி கொடுப்போம்

(நமது அறக்கட்டளையின் ஆண்டுக் கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவிக் காசோலைகளை வழங்கி முடித்திருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். கலைந்து போகுமுன் உங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மதரஸா மாடியில் காலியாகக் கிடக்கும் அறையைப் பற்றி நிர்வாகக் குழுவில் பலமுறை பேசினோம். அதைப் பிள்ளைகளுக்கான கைவேலைக் கூடமாக ஆக்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். சுத்தியல், சின்ன ரம்பம், ஊசி நூல், களிமண், அட்டை, பழைய சைக்கிள் உதிரிகள் எல்லாம் அங்கே இருக்கும். பிள்ளைகள் வருவார்கள், எதையாவது செய்து பார்ப்பார்கள், செய்ததை வைத்து விளையாடுவார்கள்.

இது வெளியே தெரிந்த நாளிலிருந்து பெற்றோர்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்கிறார்கள். "அந்த ரூமில் டியூஷன் வைத்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு மார்க் கூட வாங்குவார்களே! விளையாட்டுக்கா ரூம் கொடுப்பது?" என்று ஒருவர் கேட்டார். ஒரு தாய் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: "வீட்டில விளையாடவா இடமில்ல? புள்ளைங்களுக்குப் படிக்கத்தானே இடமில்ல!"

அந்தத் தாயின் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஒற்றை அறை வீட்டில் ஒரே விளக்கின் கீழ் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீடுகள் நம் மஹல்லாவில் எத்தனை என்பது நமக்குத் தெரியும். ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கீழ்த்தளத்தில் மஃரிபுக்குப் பிறகு நடந்துவரும் இலவசப் பாட வகுப்பு நிற்காது. அதிலிருந்து ஒரு நாளும் குறையாது. மாடியில் ஆரம்பிப்பது அதற்குக் கூடுதலானது. ஏன் தேவை என்பதைத்தான் இப்போது விளக்க விரும்புகிறோம்.

கடந்த மே விடுமுறையில் 10 நாட்கள் அந்த மாடியில் சோதனையாக இதை நடத்திப் பார்த்தோம். நுங்குக் காலம் அது. முதல் நாள் பையன்களிடம் நுங்குக் கூடுகளைக் கொடுத்து வண்டி செய்யச் சொன்னோம். இங்கே இருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரும் சின்ன வயதில் ஓட்டிய வண்டிதான். இரண்டு கூடு, நடுவே ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் கம்பு. இவ்வளவுதான் பொருள்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்மதிப்பில் ஓட்டை போட்டான். வண்டி நொண்டி நொண்டி ஓடியது. மற்றவர்கள் சிரித்தார்கள். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று தன்னார்வலர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். அவன் வண்டியைத் திருப்பிப் பார்த்தான், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான், ஓட்டை நடுவில் இல்லை என்று கண்டுகொண்டான். சரி, நடு எது? அதைக் கண்டுபிடிக்க அவனுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. கூட்டைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து, வட்டமாக வெட்டி, இரண்டாக மடித்துப் பிரித்து, வேறு பக்கமாக இன்னொரு முறை மடித்தான். இரண்டு மடிப்பும் வெட்டிக்கொள்ளும் இடமே நடு. அந்தக் காகிதத்தைக் கூட்டின் மேல் வைத்து ஆணியால் குத்தி அடையாளம் வைத்துக்கொண்டான். அடுத்த வண்டி நேராக ஓடியது.

விட்டங்கள் வட்டத்தின் மையத்தில் சந்திக்கும் என்று அவன் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. அதை எழுதி மார்க்கும் வாங்கியிருப்பான். ஆனால் ஓடாத வண்டி கையில் இருந்தபோதுதான் அந்த விட்டம் அவனுக்கு வேண்டியதாயிற்று. வேண்டியபோது கிடைத்த அறிவு எளிதில் மறக்காது.

படைப்புத் திறன் என்றதும் ஓவியப் போட்டியும் கவிதைப் போட்டியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவையும் நல்லவைதான். நாங்கள் சொல்லும் திறன் அதைவிட விரிந்தது. ஒரு சிக்கல் எதிரே நிற்கிறது, யாரும் விடை சொல்லித் தரவில்லை, கையில் இருக்கும் பொருளை வைத்து ஒரு வழி தேட வேண்டும், முதல் வழி தவறினால் மனம் ஒடியாமல் இரண்டாவது வழியைத் தேட வேண்டும். பிள்ளை நாளை வளைகுடாவில் வேலைக்குப் போனாலும், இங்கே கடை வைத்தாலும், டாக்டரானாலும், ஒரு வீட்டை நிர்வகிக்கும் தாயானாலும் இந்தத் திறன் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. மனப்பாடத்தில் இது வருவதில்லை. செய்து பார்த்து, கெடுத்து, திருத்தி, மறுபடி செய்வதில்தான் வருகிறது. சின்ன வயதில் அதற்குரிய இடம் விளையாட்டு. விளையாட்டில் தோற்றால் மார்க் குறையாது, யாரும் அடிக்க மாட்டார்கள். ஆகவே பிள்ளை துணிந்து சோதித்துப் பார்க்கிறது.

பெண் பிள்ளைகள் இன்னொரு நாள் செய்ததையும் சொல்ல வேண்டும். தீக்குச்சிகளை மருந்து சுரண்டிக் கொடுத்தோம். சைக்கிள் வால்வ் டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, குச்சிகளை இணைக்கக் கொடுத்தோம். இந்த யோசனை நம்முடையதல்ல. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, கிராமப் பள்ளிகளின் அறிவியல் பாடத்துக்காகத் தம் வாழ்நாளைக் கொடுத்த அரவிந்த் குப்தா அவர்கள் நாடெங்கும் பரப்பியது. குப்பையில் போகும் பொருட்களிலிருந்து அவர் உருவாக்கிய விளையாட்டுச் சாமான்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். 2018-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

நான்கு குச்சிகளால் சதுரம் செய்தார்கள். தொட்டால் சாய்ந்தது, ஒரு பக்கமாகப் படுத்தது. மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்தார்கள். எப்படி அழுத்தினாலும் அசையவில்லை. ஏன் என்று ஒரு சிறுமி கேட்டாள். பதில் சொல்லாமல், அவர்களைப் பள்ளிவாசல் முற்றத்துக்கு அழைத்துப் போய்த் தகரக் கொட்டகையின் கூரைச் சட்டத்தைப் பார்க்கச் சொன்னோம். இரும்புக் குழாய்கள் முழுக்க முக்கோணம் முக்கோணமாகப் பற்ற வைக்கப்பட்டிருந்தன. திரும்பி வந்தவள் தன் சதுரத்தின் குறுக்கே ஒரு குச்சியை வைத்தாள். சதுரம் நின்றது. மறுநாள் வரும்போதே, "ஊருக்கு வெளியே இருக்கிற கரண்டு டவரும் முக்கோணம்தான் மாமா, செல்போன் டவரும் முக்கோணம்தான்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். தினமும் பார்த்த கோபுரத்தை அன்றுதான் அவள் கண் பார்த்தது. கை வேலை செய்தபோது கண்ணும் திறந்துகொண்டது.

இது மேல்நாட்டுப் பாணி, நமக்குச் சரிவருமா என்று சந்தேகப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் மரபில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியது ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அபூதாவூதில் வரும் அறிவிப்பு நமக்கு நல்ல பாடம். ஒரு போர்ப் பயணத்திலிருந்து நபி (ஸல்) அவர்கள் திரும்பியிருந்த நேரம். காற்றில் திரை விலகியது, பொம்மைகள் தெரிந்தன. நடுவே துணித் துண்டுகளால் இறக்கை வைத்த ஒரு குதிரை! இது என்ன, அதன் மேல் இருப்பது என்ன என்று நபியவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். குதிரைக்கு இறக்கையா என்றும் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) பதில் சொன்னார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். குதிரைக்கு இறக்கை கிடையாது என்று அங்கே யாரும் திருத்தவில்லை. பிள்ளையின் கற்பனையைப் பெரியவர் விசாரித்துக் கேட்டு மகிழ்ந்தார்கள்.

ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கும் இன்னொரு செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆஷூரா நோன்பு வைத்த பிள்ளைகள் பசித்து அழுதால் நோன்பு திறக்கும் வரை தாக்குப்பிடிப்பதற்காக, கம்பளி ரோமத்தால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்தார்கள் ஸஹாபிப் பெண்கள். நம் உம்மாமார்கள் கந்தல் துணியில் பந்து கட்டிக் கொடுத்ததும் இதே வழிதான்.

பிற்காலத்தில் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியை விட்டுப் பார்த்துத்தான் பார்வையைப் பற்றிய பெரும் நூலை எழுதினார். அல் ஜஸரீ என்ற பொறியாளர் 1206-ல் எழுதி முடித்த நூலில் யானைக் கடிகாரம், நீர் இறைக்கும் பொறிகள் என்று தாம் செய்த கருவிகளை அளவோடும் படத்தோடும் விளக்கியிருக்கிறார். அவர் எழுதிவைத்த அளவுகளைக் கொண்டு நம் காலத்திலும் அவற்றைத் திரும்பச் செய்து ஓட்டிக் காட்டுகிறார்கள். கையால் செய்வதைத் தாழ்வாக நினைத்திருந்தால் இந்த அறிவு நமக்குக் கிடைத்திருக்காது.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டாக்டர் ஜாகிர் ஹுசேன் அவர்களை நாட்டின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவராக நமக்குத் தெரியும். அதற்கு முன் டெல்லி ஜாமியா மில்லியாவை 1926 முதல் 1948 வரை, பணமில்லாத காலத்திலும் தாங்கிப் பிடித்த கல்வியாளர் அவர். 1937-ல் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். நூற்பு, நெசவு, தச்சு, விவசாயம் போன்ற ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கும் அறிவியலும் மொழியும் அதை ஒட்டியே கற்பிக்கப்பட வேண்டும் என்பது அந்தத் திட்டம். வேலை என்ற பெயரில் நடப்பதெல்லாம் கல்வி ஆகிவிடாது, யோசித்துத் திட்டமிட்டுச் செய்து, செய்ததைத் தானே சீர்தூக்கிப் பார்க்கும்போதுதான் அது கல்வி என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

மாண்டிசோரி என்றால் இன்று பணக்காரர் பள்ளி என்று எண்ணுகிறோம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் தம் முதல் பள்ளியை ஆரம்பித்தது ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான். 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், பின்பு கொடைக்கானலிலும் தங்கினார். நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்ததும், 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததும் இதே எண்ணத்தில்தான். ஆகவே இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க வேண்டாம். வசதி படைத்த பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானும் வகுப்பும் வாங்கிக் கொடுக்க ஆள் உண்டு. நம் பிள்ளைக்குப் பொதுவில் ஓர் அறை கிடைத்தால்தான் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் பீடித் தட்டு மடியில் இல்லாத வீடு குறைவாக இருந்த காலம் ஒன்று உண்டு. உம்மாவுக்கு உதவியாக நூல் கட்ட உட்கார்ந்து, அப்படியே பள்ளிக்கூடத்தை விட்டுப்போன பெண் பிள்ளைகள் இன்று நம்மிடையே தாய்மார்களாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும், அது கைவேலைதான், ஆனால் கல்வி இல்லை. கணக்கு முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் பிள்ளை யோசிக்கவும் மாற்றிப் பார்க்கவும் இடம் ஏது? பிள்ளையின் உழைப்பில் வீட்டுக்குக் காசு வர வேண்டும் என்று எப்போது எண்ணுகிறோமோ, அப்போதே விளையாட்டு முடிந்துவிட்டது. மாடியில் செய்யப்படும் ஒரு பொருளும் விற்பனைக்குப் போகாது. இதை நிர்வாகக் குழுவின் தீர்மானத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

அதே சமயம் நம் முன்னோரின் கைத்திறன் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடக் கூடாது. பத்தமடைப் பாய் உலகறிந்தது. தாமிரபரணிக் கரையின் கோரையை வெட்டிக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, நார் நாராகக் கிழித்து, சாயமேற்றி, பட்டு போல் மடிக்கும் அளவுக்கு நெய்தது நம் சமுதாயக் குடும்பங்கள்தான். மணமக்களின் பெயரையே பாயில் நெய்து கொடுப்பார்கள். ஓர் எழுத்தைப் பாயில் கொண்டுவர எத்தனை இழை விட்டு எத்தனை இழை எடுக்க வேண்டும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே நெய்தவர்கள், பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள்! ஒரு பிள்ளை கட்டம் போட்ட தாளில் தன் பெயரை இப்படி வரைந்து, காகிதக் கீற்றுகளால் பின்னிப் பார்க்கட்டும். பாட்டியின் கணக்கு எவ்வளவு பெரியது என்று அன்று புரியும்.

தாய் தந்தையர் வீட்டில் செய்யக்கூடியவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஓர் அட்டைப் பெட்டி வையுங்கள். காலி டப்பா, மூடி, நூல்கண்டு, தையல் கடையில் மிஞ்சிய துணி, கல்யாணப் பத்திரிகை அட்டை எல்லாம் அதில் சேரட்டும். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். பழுதாகிப் போன கடிகாரத்தைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் பிள்ளையிடம் கொடுங்கள், பிரித்துப் பார்க்கட்டும். பொத்தான் பாட்டரியை மட்டும் நீங்களே முதலில் கழற்றி எடுத்துவிடுங்கள். அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மணி, பாசி போன்ற சின்னப் பொருட்கள் கைக்குழந்தைகளுக்கு எட்டாமல் இருக்கட்டும். பிளேடும் சூடான பசையும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்.

பிள்ளை செய்துகொண்டிருக்கும்போது கையிலிருந்து பிடுங்கி நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். கோணலாக வரும், வரட்டும். "என்ன குப்பை இது" என்ற வார்த்தை நம் வாயில் வர வேண்டாம். "இது என்ன வாப்பா? எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். அது சொல்லத் தொடங்கும். சொல்லும்போது மொழியும் வளரும்.

போனைப் பற்றி எல்லாத் தாய்மார்களும் கேட்கிறீர்கள். பிடுங்கி வைத்தால் மட்டும் போதாது, பிடுங்கிய கையில் வேறு ஒன்றைக் கொடுக்க வேண்டும். மே மாதம் அந்த 10 நாட்களில் போனைக் கொண்டு வரக் கூடாது என்று நாங்கள் சட்டம் எதுவும் போடவில்லை. நுங்கு வண்டி ஓடிய நேரத்தில் போனைத் தேடிய பையன் யாரும் இல்லை.

பெண் பிள்ளைகள் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு வந்ததும், "இனி என்ன விளையாட்டு" என்று உட்கார வைக்கிறோம். ஆணியும் சுத்தியலும் ஆண் பிள்ளைக்கு, ஊசியும் நூலும் பெண் பிள்ளைக்கு என்றும் பிரித்துவிடுகிறோம். மாடியில் அந்தப் பிரிவு இருக்காது. பிள்ளைகளுக்குத் தனித்தனி நேரம் உண்டு, சாமான்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். பட்டன் தைக்கத் தெரியாத பையனும் பியூஸ் போடத் தெரியாத பெண்ணும் பாதிப் படிப்போடு நிற்கிறார்கள் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இதனால் மார்க் கூடுமா என்று கேட்டால், உடனே கூடும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க மாட்டோம். காலாண்டுத் தேர்வுத் தாளில் இதன் பலனைத் தேடாதீர்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை தான் செய்ததைப் பற்றி நாலு பேர் முன் பேசுவதைத் தேடுங்கள். ஒரு கணக்கு வராவிட்டால் நோட்டை மூடி வைக்காமல் வேறு வழியில் போட்டுப் பார்க்கிறதா என்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடைக்கு வேலைக்குப் போகும் பையன்கள் நம் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் படிப்பு வராததால் போனவர்கள் என்று நாம் சொல்கிறோம். "எனக்கு எதுவும் வராது" என்று பள்ளிக்கூடத்தில் முடிவு கட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள். தன் கையால் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டிய பிள்ளை அந்த முடிவுக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. இந்த நம்பிக்கையில்தான் அந்த அறையைக் கேட்கிறோம்.

கணக்கு விஷயத்தையும் தெளிவாக்கிவிடுகிறோம். ஜகாத் நிதியிலிருந்து இதற்கு ஒரு ரூபாயும் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டோம். பெரிய செலவும் இல்லை. மேசையும் அலமாரியும் நன்கொடையாக வந்துவிட்டன. உங்களிடம் கேட்பது பணம் அல்ல, உங்கள் கைத்திறன். நம் மஹல்லாவில் தச்சு வேலை தெரிந்தவர், தையற்காரர், எலக்ட்ரீஷியன், சைக்கிள் கடைக்காரர், பாய் நெய்யத் தெரிந்த தாய்மார்கள், ஓலை பின்னத் தெரிந்த வாப்பும்மாக்கள், உம்மும்மாக்கள் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் வந்து உட்காருங்கள். பாடம் நடத்த வேண்டாம். நீங்கள் செய்வதைப் பிள்ளைகள் பார்க்கட்டும், கேட்கட்டும், தாங்களும் செய்யட்டும்.

பையன்களுக்குச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மஃரிப் வரை. பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை 10 முதல் 12 வரை, பெண் தன்னார்வலர்களின் பொறுப்பில். வயது 8 முதல் 14 வரை. பெயர் கொடுக்க அலுவலகத்துக்கு வாருங்கள். ஆறு மாதம் நடத்திவிட்டு உங்களையே மாடிக்கு அழைத்துக் காட்டுவோம். பயனில்லை என்று நீங்கள் சொன்னால், அப்போது அந்த அறையை டியூஷனுக்கே கொடுத்துவிடலாம்.

நம் பிள்ளைகளின் அறிவிலும் கைகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவர்களை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும்.